யாருடைய தாளம்?

மூடுபனி இன்னும் விலகவில்லை. மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்கு வெளியே நான்கைந்து இளைஞர்கள் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, அந்தத் தீயில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விரலால் தோலைச் சுண்டிப் பார்த்தான். ஈரத் துணியைத் தட்டியதுபோல் ‘தொப்’பென்றது. மறுபடி தீயில் காட்டினான், வட்டமாகச் சுழற்றினான், சுண்டினான். இம்முறை ‘டண்’ணென்று கணீரென வந்தது. “கீழ ஈப்போவுல ஒரு தடவ காய்ச்சுனா ரொம்ப நேரம் நிக்கும்ண்ணே. இங்க அப்படி இல்ல, பனி குடிச்சிடும்” என்றான்.

பனி குடிப்பது உண்மைதான். தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். காற்றில் ஈரம் கூடும்போது அந்த நார்களுக்கிடையே நீர் புகுகிறது. தோல் தளர்கிறது, எடை கூடுகிறது, சுருதி இறங்குகிறது. தீயில் காட்டினால் நீர் வெளியேறி நார்கள் இறுகுகின்றன. இழுவிசை நான்கு மடங்கு கூடினால்தான் சுருதி இரண்டு மடங்காகும் என்கிறது பௌதிகம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மேகத்துக்குள் நின்றுகொண்டு, அந்தக் கணக்கை இவர்கள் காதாலேயே போடுகிறார்கள்.

பிறகு உருமி சேர்ந்தது. இடுப்புக் குறுகிய அந்த மேளத்தின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள்; மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும் குச்சி தோலைக் கொஞ்ச தூரம் பற்றி இழுக்கிறது, பிடி விட்டு வழுக்குகிறது, மறுபடி பற்றுகிறது. வயலின் வில் தந்தியில் செய்வதும் இதே பற்றலும் வழுக்கலும்தான். விலங்கின் தொண்டையிலிருந்து வருவதுபோன்ற அந்த உறுமல் இப்படித்தான் பிறக்கிறது. உருமி உறுமத் தொடங்கிய சில நொடிகளில் என் வலது கால் தானாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் அதற்கு ஆணையிடவில்லை.

இந்த அத்தியாயம் அந்தக் காலைப் பற்றியது. இசையால் என்ன பயன் என்று கேட்டால் பெரும்பாலும் காதிலிருந்து பதில் தொடங்குகிறோம்: கேட்டால் மனம் அமைதியாகும், கவலை குறையும் என்று. கடந்த இருபது முப்பது ஆண்டுகளின் ஆய்வுகளைப் படித்தபின், காலிலிருந்து தொடங்குவதே சரி என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். இதைச் சொல்ல கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தக் கால் ஏன் ஆடியது என்று பார்ப்போம். நரம்பியல் ஆய்வாளர்கள் ஜெசிகா கிரான், மேத்யூ பிரெட் இருவரும் 2007-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுத்திருப்பவர்களுக்குத் தாளம் மட்டும் கேட்கச் செய்தார்கள். கை கால் எதுவும் அசையவில்லை. ஆனாலும் தாளத்தில் சீரான துடிப்பு தெரிந்தபோதெல்லாம், உடலை அசைக்க உதவும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா அவற்றுள் முக்கியமானது. தாளத்தைக் கேட்பது என்பதே உடல் உள்ளுக்குள் ஆடிப் பார்ப்பதுதான். நடுக்குவாத நோயான பார்க்கின்சன் தாக்குவது இதே பகுதியை. அந்த நோயாளிகளை ஒரு சீரான தாளத்துக்கு நடக்கப் பழக்கினால் நடையின் வேகமும் அடியின் நீளமும் கூடுவதை மைக்கேல் தௌட்டின் குழு 1996-இல் காட்டியது. உள்ளே இருக்கும் மேளக்காரர் தளர்ந்துவிட்டால், வெளியிலிருந்து ஒரு மேளக்காரர் துணைக்கு வரலாம்.

இது பழகி வருவதா, பிறவியிலேயே இருப்பதா? புடாபெஸ்ட்டில் இஸ்த்வான் விங்க்லர் குழுவினர், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது மேளத் தாளம் ஒன்றை ஒலிக்கவிட்டு மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். அவ்வப்போது முதல் தட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். வரவேண்டிய தட்டு வராதபோது தூங்கும் குழந்தையின் மூளை அதைக் கவனித்தது. 2009-இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்த அன்று எங்கள் வீட்டுத் தொட்டிலை நான் வேறு கண்ணோடு பார்த்தேன்.

*

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்த மேட்டுநிலத்தைக் குறித்து எழுதினார். தேயிலை வந்தது 44 ஆண்டுகள் கழித்து. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு வெட்டி அதை நிறுவுவதில் அவருக்குத் துணை நின்ற மில்ன், இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்றவர். ரிங்லெட், ஹாபு, சுங்கை பாலாஸ் என்று சரிவுகள் பச்சையாயின. அந்தப் பச்சைக்குப் பின்னால் இருந்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள்.

மில்ன் அனுபவம் பெற்ற இலங்கையில், மலையகத்தில் அன்று விடியும் முன்பே தப்பு அடிப்பார்கள். அது பெரட்டுக்கான அழைப்பு. ஆட்கள் வரிசையில் நிற்க, கங்காணியும் கணக்குப்பிள்ளையும் பெயர் பார்த்து வேலை பிரித்துக் கொடுப்பார்கள். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தில் அந்த அதிகாலைத் தப்பொலி திரும்பத் திரும்பக் கேட்கும். மலாயாத் தோட்டங்களில் பெரட்டுக்கு மணி அடித்தார்கள். கருவி வேறு, பொருள் ஒன்று: உன் நாள் இப்போது தொடங்குகிறது, தொடங்கிவைப்பது நீ அல்ல.

அதே மலையகத்தில் அதே தப்பு காமன் கூத்தில் ஒலித்தது, பொன்னர் சங்கரில் ஒலித்தது, மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய ஒலித்தது. காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுந்த உடம்பு, திருவிழா இரவில் அதே சத்தத்துக்குக் களைப்பே தெரியாமல் ஆடியது. கருவி ஒன்று, தோல் ஒன்று, காது ஒன்று. என்ன மாறியது?

இந்தக் கேள்விக்கு விடை காட்டும் ஒரு சோதனை லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் நடந்தது. செய்தவர் தோமாஸ் ஃபிரிட்ஸ். வெளிவந்த ஆண்டு 2013. உடற்பயிற்சிக் கருவிகளில் சிலரைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒருமுறை பின்னணியில் இசை ஒலித்தது; அவர்கள் கேட்டுக்கொண்டே பயிற்சி செய்தார்கள். இன்னொருமுறை, கருவியை இழுக்கும் அவர்களுடைய அசைவே இசையை உண்டாக்கும்படி அமைத்தார்கள். இழுத்தால் ஒலி வரும், நிறுத்தினால் நிற்கும், மூன்று பேர் சேர்ந்து இழுத்தால் ஒரு பாட்டே உருவாகும். இரண்டாவது முறையில் அவர்களுக்குக் களைப்பு குறைவாகத் தெரிந்தது. மனத்துக்கு அப்படித் தோன்றியதோடு நிற்கவில்லை. தசைகள் செலவிட்ட ஆக்சிஜனும் குறைந்திருந்தது. இசையைக் கேட்டவரைவிட, இசையை ஆக்கியவருக்கு அதே வேலை இலகுவாக இருந்தது.

ராபின் டன்பரின் ஆக்ஸ்ஃபர்ட் குழு வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. படகுப் போட்டியாளர்களைத் தனியாகவும் குழுவாகவும் துடுப்பு வலிக்க வைத்து, பின்னர் கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உழைப்பு ஒரே அளவுதான். சேர்ந்து வலித்தவர்கள் அதிக வலி தாங்கினார்கள். அது 2010. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாடுபவர்கள், மேளம் அடிப்பவர்கள், ஆடுபவர்களிடம் இதே சோதனையைச் செய்தபோது அவர்களுக்கும் வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. இசையைச் சும்மா கேட்டவர்களுக்குக் கூடவில்லை. மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலிநிவாரணியே காரணம் என்பது அவர்கள் வாதம். எண்டார்ஃபினை நேரடியாக அளக்காமல் வலியை வைத்து ஊகித்தார்கள் என்பதையும் வாசகர் மனத்தில் வைக்க வேண்டும். ஆனால் வலி குறைந்தது ஊகமல்ல, அளந்து கண்டது.

விடியற்காலைத் தப்பு வேலைக்காரரின் காதில் விழுந்த தாளம். திருவிழாத் தப்பு அவரே கால் வைத்து, தோள் அசைத்து, பக்கத்து ஆளோடு சேர்ந்து ஆக்கிய தாளம். தப்பு அடித்தவர்களின் கதையிலும் இந்த இரட்டை உண்டு. சாதியின் பெயரால் சாவுக்கு அடித்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட கைகளுக்கு அந்தக் கருவி சுமை. தானாக விரும்பி எடுத்துக் காய்ச்சும் இன்றைய இளைஞர்களுக்கு அது பெருமை. மலேசியாவில் ஊருக்கு ஊர் உருமி மேளக் குழுக்கள் முளைத்திருப்பதை நான் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். இந்தக் காட்சியையும் லைப்சிக் சோதனையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நமக்கு ஒரு கேள்வி மிச்சமாகிறது. இசை நல்லதா என்று கேட்பதற்கு முன், தாளம் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

*

வேலைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி முதல் பெரிய நூலை எழுதியவர் கார்ல் பியூஹர் என்ற ஜெர்மானியப் பொருளியலாளர். ‘உழைப்பும் தாளமும்’ என்ற பொருள் தரும் அந்த நூல் 1896-இல் வந்தது. இசையே சேர்ந்து உழைப்பதிலிருந்து பிறந்தது என்று அவர் கருதினார். அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. ஆனால் ஏற்றம் இறைத்தவர்களும் சுண்ணாம்பு இடித்தவர்களும் கப்பலில் பாய் இழுத்தவர்களும் பாடியது ஏன் என்பதற்கு அவர் சொன்ன காரணம் இன்றும் நிற்கிறது. எல்லாரும் ஒரே நொடியில் இழுத்தால்தான் கயிறு நகரும். பாட்டு அந்த நொடியைச் சொல்கிறது.

தேயிலை அப்படிப்பட்ட வேலை அல்ல. இதைப் பல கட்டுரைகள் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் விரலுக்கு அடுத்த நிரையில் நிற்பவரின் விரலோடு ஒன்றாக அசைய வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு செடியும் வேறு, ஒவ்வொரு கையின் வேகமும் வேறு. பின் ஏன் பாடினார்கள்?

ரிங்லெட்டில் ஒரு பாட்டியிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர், சிறுவயதிலிருந்தே கொழுந்து எடுத்தவர். “பசியாறிட்டீங்களா தம்பி?” என்று விசாரித்து, தேநீர் வைத்துக் கொடுத்த பிறகுதான் பேசினார். “வேலைக்காகப் பாடலையே. ஆளு இருக்குன்னு தெரியணும்ல. பனி எறங்கிட்டா முன்னால நிக்கிற ஆளு தெரியாது. ஒரு அடி பாடுவோம். அந்தப் பக்கத்துல இருந்து எசப்பாட்டு வரும். வந்துட்டா நிம்மதி.”

வீட்டுக்கு வந்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. பள்ளத்தாக்கின் இரு சரிவுகளுக்கிடையே 340 மீட்டர் இருந்தால், நான் பாடியது எதிர்ச்சரிவுக்கு ஒரு நொடி கழித்தே போய்ச் சேரும். அவர்கள் குரல் எனக்கு இன்னொரு நொடி கழித்து வரும். சேர்ந்து வாசிக்கும் கலைஞர்களை வைத்து நடத்திய ஆய்வுகள், ஒலி வந்துசேர நொடியில் நூற்றில் மூன்று பங்குக்கு மேல் தாமதமானாலே தாளம் தொய்யத் தொடங்குகிறது என்கின்றன. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பார். அவர் இவருக்காகக் காத்திருப்பார். பாட்டு மெல்ல மெல்ல இழுபடும். ஒலியின் கணக்கில் அந்தத் தாமதம் என்பது வெறும் பத்து மீட்டர். பக்கத்து நிரையில் நிற்பவரோடு சேர்ந்து பாடலாம். அடுத்த மேட்டில் நிற்பவரோடு சேர்ந்து பாட இயற்கை விடாது.

ஆனால் மாறி மாறிப் பாடலாம். நான் ஓரடி முடிக்க, நீ ஓரடி எடுக்க, இடையில் விழும் இரண்டு நொடி அமைதி யாருக்கும் குறையாகப் படாது. எசப்பாட்டு என்ற வடிவம் மலைக்கும் தொலைவுக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எசப்பாட்டு மலையில் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. சமவெளி வயல்களிலும் அது உண்டு. இங்கே வந்தபோது அது இந்த நிலத்தின் அளவுக்குத் தைத்த சட்டைபோல் பொருந்தியது என்று மட்டும் சொல்கிறேன். தோட்டத்து மக்கள் பாடிய பாடல்களை முத்தம்மாள் பழனிசாமி ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ என்ற நூலில் சேர்த்து வைத்திருக்கிறார். இலங்கைப் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். இருவரும் சேர்த்திராவிட்டால் இன்று பேச நம்மிடம் பெரிதாக எதுவும் இருந்திராது.

 

*

இந்த மலையில் முதலில் பாடியவர்கள் தமிழர்கள் அல்லர். தேயிலைக்கு வெகுகாலம் முன்பே இங்கு செமாய் மக்கள் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். வடக்கே, கிளந்தான், பேராக் காடுகளில் அவர்களுடைய உறவினரான தெமியார் மக்கள் இருக்கிறார்கள். இசை ஆய்வாளர் மரீனா ரோஸ்மன் தெமியாருடன் தங்கி அவர்களுடைய பாட்டையும் வைத்தியத்தையும் பற்றி 1991-இல் ஒரு நூல் வெளியிட்டார். மரம், மலை, விலங்கு இவற்றின் ஆவிகள் கனவில் வந்து பாட்டைத் தருகின்றன என்பது தெமியார் நம்பிக்கை. பாட்டை அவர்கள் ‘பாதை’ என்கிறார்கள். நோயுற்றவரைச் சுற்றிக் கூடும் இரவில் பாடகர் ஓரடி பாட, பெண்கள் அதை ஏந்தித் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் கையில் நீளமும் குட்டையுமாக ஒரு சோடி மூங்கில் குழாய்கள். மாறி மாறி அவற்றைத் தரைக்கட்டையில் இடிக்கும்போது உயர்ந்தும் தாழ்ந்தும் ஒரு துடிப்பு எழும். அந்தத் துடிப்பு காட்டுப் பூச்சிகளின் இரைச்சலோடும் மனித நெஞ்சின் துடிப்போடும் இணைவதாக அவர்கள் உணர்கிறார்கள்.

ஒரு பக்கம் தோல், ஒரு பக்கம் மூங்கில். ஒரு பக்கம் எசப்பாட்டு, ஒரு பக்கம் ஏந்திப் பாடும் பெண்கள். இரு மக்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை; ஒரே உடம்பு இருவருக்கும் இருப்பதால் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். சாமுவேல் மேர் குழுவினர் 2019-இல் 315 சமூகங்களைப் பற்றிய பதிவுகளைத் தேடினார்கள். பாட்டு இல்லாத சமூகம் ஒன்றுகூட அகப்படவில்லை.

*

தோட்டத்தில் ஆயாக்கொட்டகை என்று ஒன்று இருந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். வரிசையாக ஏணைகள் தொங்கும். அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே ஆயா, ஒரே குரல்.

சேலையில் கட்டிய ஏணை ஓர் ஊசல். ஊசல் ஒருமுறை போய் வரும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது. தொங்கும் எடையைப் பொறுத்தது அல்ல. உத்தரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தொங்கினால், குழந்தை ஒல்லியோ குண்டோ, போய்வர ஏறத்தாழ இரண்டரை நொடி. ஆட்டும் கையும் அதற்கு அடங்கித்தான் ஆட்ட வேண்டும்; பாடும் மூச்சும் அதற்குள்தான் அடி எடுத்து வைக்கும். ஏணைக் கயிற்றின் நீளமே தாலாட்டின் காலப்பிரமாணத்தைத் தீர்மானித்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். மலேசிய வீடுகளில் இப்போது புழங்கும் ஸ்பிரிங் தொட்டில் வேறு இனம். அது மேலும் கீழும் துள்ளும், வேகமாகத் துள்ளும், குழந்தையின் எடை கூடக்கூட அதன் வேகம் குறையும். அதற்குப் பாடும் பாட்டும் மாறித்தான் இருக்க வேண்டும். யாராவது அளந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தாலாட்டு வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. ஹார்வர்டில் 144 குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டே இராத மொழிகளின் தாலாட்டையும் வேறு பாடல்களையும் கேட்கச் செய்தார்கள். தாலாட்டு ஒலித்தபோது இதயத்துடிப்பு கூடுதலாகத் தணிந்தது. மொழி புரியாதது தடையாக இல்லை. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருந்த 272 குழந்தைகளிடம் ஜோன் லோவி குழுவினர் அமெரிக்காவின் 11 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2013-இல் வந்தது. பெற்றோர் தேர்ந்த பாட்டை நேரில் பாடியபோதும், கருப்பையின் ஒலியைப் போன்ற மென்மையான ஒலிகளைக் குழந்தையின் மூச்சுக்கு ஏற்ப எழுப்பியபோதும், துடிப்பும் தூக்கமும் பால் உறிஞ்சுவதும் சீரடைந்தன. குழந்தையின் மூச்சுக்கு ஏற்ப என்பதைக் கவனியுங்கள். அங்கும் தாளம் குழந்தையுடையது.

பெரியவர்களுக்கும் தாலாட்டு புரிகிறது. 86 சமூகங்களின் பாடல்களிலிருந்து 14 நொடித் துணுக்குகளை வெட்டி, 60 நாடுகளைச் சேர்ந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எது ஆடுவதற்கு, எது குழந்தையைத் தூங்கவைப்பதற்கு என்று பெரும்பாலானோர் சரியாகச் சொன்னார்கள். காதல் பாட்டைக் கண்டுபிடிப்பதில்தான் தடுமாறினார்கள்.

தொட்டிலுக்கு ஒரு பாட்டு என்றால் பாடைக்கு ஒன்று. ஒப்பாரியை மருத்துவம் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் ஆதங்கம். சுற்றி உட்கார்ந்து, தோள்மேல் கை போட்டு, ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் நீட்டி முடிப்பார்கள். சட்டென்று ஒரு மூச்சு உள்ளே போகும். பிறகு ஒரு நெடிய அடி, கடைசிச் சொட்டுக் காற்று தீரும்வரை. இது ஆய்வுக்கூடத்தில் நன்கு தெரிந்த மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் விரைகிறது. வெளியே விடும்போது வேகஸ் நரம்பு அதைத் தணிக்கிறது. நீளமாக வெளிவிட்டால் தணிவும் நீளும். சுவீடனில் பியோர்ன் விக்ஹோஃப் 2013-இல் குழுவாகப் பாடுபவர்களின் இதயத்துடிப்பைப் பதிவு செய்தபோது, நீண்ட அடிகளை ஒன்றாகப் பாடியவர்களின் இதயங்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஒப்பாரிக் கூட்டத்தை யாரும் அப்படிப் பதிவு செய்து நான் பார்க்கவில்லை; மூச்சின் வடிவம் ஒன்றாக இருப்பதால் நெஞ்சிலும் அதுவே நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். துக்கத்தால் தறிகெட்டு ஓடும் ஓர் இதயத்தை, சுற்றியிருக்கும் ஐந்தாறு இதயங்கள் பிடித்து நிறுத்துகின்றன.

*

இசையின் பெயரால் சொல்லப்படும் எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. மோட்சார்ட் கேட்டால் பிள்ளை அறிவாளியாகும் என்ற நம்பிக்கை 1993-இல் 36 கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஒரு சிறு சோதனையிலிருந்து கிளம்பியது. அதில் தெரிந்த பலன் கால்மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. கைக்குழந்தைகள் அதில் இடம்பெறவே இல்லை. பாட்டுக்குச் செடி நன்றாக வளரும் என்பதும் அப்படித்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டி. சி. என். சிங் செய்த சோதனைகளை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ராகத்தைச் செடி ரசிக்கிறது என்ற முடிவு கட்டுப்பாடான மறுசோதனைகளில் நிலைபெறவில்லை. அதே வேளை செடி முற்றிலும் செவிடும் அல்ல: புழு இலையைக் கடிக்கும் அதிர்வை மட்டும் ஒலிக்கவிட்டாலே ஒரு கடுகினச் செடி தன் தற்காப்பு வேதிப்பொருளைக் கூட்டிக்கொள்வதை மிசௌரியில் 2014-இல் காட்டினார்கள். தேயிலைச் செடி தமிழ்ப் பாட்டைக் கேட்டுத் தளிர்த்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அதற்குச் சான்று இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று நினைவைப் பற்றியது. ஹெல்சிங்கியில் பக்கவாதம் வந்த 60 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தாங்களே தேர்ந்த இசை, இன்னொரு குழுவுக்கு ஒலிநூல், மூன்றாவதுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். தினமும் இசை கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பின, மனச்சோர்வும் குறைவு. தேப்போ சார்காமோ 2008-இல் வெளியிட்ட ஆய்வு இது. அல்சைமர் நோய் முற்றியவர்களும் பழைய பாட்டைப் பாடுவது ஏன் என்று லைப்சிக்கில் தேடியபோது, நெடுநாள் பழகிய இசையின் நினைவைத் தாங்கும் மூளைப் பகுதிகளை அந்த நோய் தாமதமாகவே அரிக்கிறது என்று தெரிந்தது. ரிங்லெட் பாட்டிக்குப் பேரப்பிள்ளைகளின் பெயர் சில நேரம் மாறிப்போகிறது. எசப்பாட்டின் அடிகள் மாறவில்லை. நான் ஓரடியைத் தப்பாக எடுத்தபோது திருத்தினார்.

*

இப்போது சுங்கை பாலாஸ் சரிவில் நின்றால் பாட்டு கேட்காது. கையால் கிள்ளுவது அருகிவிட்டது. சிலர் பை பொருத்திய கத்தரியால் வெட்டுகிறார்கள். ‘சரக், சரக்’கென்று அதற்கு இன்னும் ஒரு தாளம் உண்டு. மற்ற இடங்களில் இருவர் ஆளுக்கொரு முனையில் பிடித்து நிரையின் மேல் நடத்திச் செல்லும் மோட்டார் இயந்திரம். வேலை விரைவாக முடிகிறது, முதுகு வலி குறைகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இருவரும் அடி பிசகாமல் நடப்பது இயந்திரத்தின் வேகத்துக்கு. பக்கத்து ஆளின் குரல் மோட்டாரில் மூழ்கிவிடுகிறது. இதில் இழப்பது பொழுதுபோக்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சேர்ந்து ஆக்கிய தாளம் வலியைக் குறைக்கிறது, ஆக்சிஜனைச் சேமிக்கிறது, பனியில் ஆள் இருப்பதைச் சொல்கிறது என்பதெல்லாம் அளந்தும் அனுபவித்தும் தெரிந்த பிறகு, அது இல்லாத வேலைநாள் எத்தனை கடினமானது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்று அந்த இயந்திரங்களைப் பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள். முன்பு தமிழர்கள் இருந்த லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில ‘லைன்’ தமிழ் வாயில் லயமானது. இசையில் லயம் என்பதற்கு வேறு பொருள் உண்டு என்பது அந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நான் விடைபெற்ற மாலை, பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசைப் படியில் ஓர் இளைஞர் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து, தணிந்த குரலில் எதையோ பாடிக்கொண்டிருந்தார். திரையில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாட்டி சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

“பாஷை புரியல தம்பி. ஆனா புள்ளையத் தூங்க வைக்கிறாரு” என்றார்.

பிறகு எங்கள் குரலையும் தாழ்த்திக்கொள்ளச் சொல்லிக் கையமர்த்தினார்.